வாசலைத் தாண்டிய சுவர்

இந்தக் கதையை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஒரு கையால் உங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். மறு கையால் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் மூக்கைப் பொத்துங்கள். அப்புறம் பக்கத்தைப் புரட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. அவ்வளவு தூரம் முன்கூட்டி யோசிக்கிற பழக்கம் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் யாருக்கும் இல்லை. நமக்கு மட்டும் எதற்கு?

ஒரு தையல்காரர் இருந்தார். கடைவீதியின் கடைசியில் அவர் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சமையலறை, அதற்கும் பின்னால் கொஞ்சம் காலி இடம். கோட்டு தைக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். துணியை வெட்டும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். மற்ற நேரங்களில் மூச்சு விடுவதைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கரைக்கு எப்போது வருவான் என்பது கடலுக்குத்தான் தெரியும். மகள் வேறோர் ஊரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாடகை அறையில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்:

"அப்பா, ஒரே ஒரு ரூம் இருந்தா நான் அங்கயே வந்துடுவேன். இங்க யாராவது படியேறினா பாப்பாவோட தலைமேல நடக்கற மாதிரி இருக்கு."

அன்று முதல் தையல்காரரின் தையல் எந்திரம் அதிகம் ஓடியது. பின்பக்கத்துக் காலி இடத்தில் ஓர் அறை எழும்பத் தொடங்கியது. கொத்தனார் பச்சை நிறச் சிமெண்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். மூட்டையின் மேல் ஓர் இலையின் படம். இலையின் மேல் ஒரு பனித்துளி. 'இயற்கையே எங்கள் மூலப்பொருள்' என்று கீழே எழுதியிருந்தது.

அந்த மூட்டை வந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்பு அங்கே இருந்த அதிகாரி ஒழுங்கான மனிதர். இரும்பு ஆலையின் கசடு, மின் நிலையத்தின் சாம்பல் இரண்டையும் வாங்கி, சோதித்துப் பார்த்து, எதை எங்கே எவ்வளவு சேர்க்க வேண்டுமோ அப்படிச் சேர்த்துச் சிமெண்ட் செய்தார். மலையை வெட்டுவது குறைந்தது. ஊரும் அதை நல்ல காரியம் என்றுதான் சொன்னது. நல்ல காரியம் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், அதைக் கெடுக்க ஒருவர் பதவி உயர்வு பெற்று வந்துவிடுவார். வந்தார். எதைக் கேட்டாலும் "எல்லாம் ஒரு சுழற்சி" என்று சொல்வதால் ஆட்கள் அவருக்குச் சுழற்சி ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் வந்ததும் தோல் ஆலைச் சேறு வந்தது. சாயப்பட்டறைக் கசடு வந்தது. பெயிண்ட் டப்பாவின் அடியில் தங்குகிற பிசின், காலாவதியான மருந்து, எந்த ஆலையிலிருந்து வந்தது என்று ஓட்டுநருக்கே சொல்லப்படாத ஊதா நிறக் கூழ் எல்லாம் வந்தன. கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் கொட்டுவதற்குக் கூலி கொடுத்தார்கள். உலையில் போட்டு எரித்தால்தான் அதன் விஷம் போகும் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். உலைக்கு வெப்பம் வேண்டும், வெப்பத்துக்குச் செலவு. சுழற்சி ஐயா ஓர் ஆணை போட்டார்: ஆலைக்குள் இனிக் கழிவு என்ற சொல் கிடையாது. வாசலைத் தாண்டி உள்ளே வருவது எதுவாயினும் அது மூலப்பொருள். கழிவே இல்லாதபோது எதை எரிப்பது? நேராக மூட்டைக்குப் போனது.

அறை கட்டி முடிந்தது. மகள் வந்தாள். குழந்தையை நடுவில் படுக்க வைத்து, தையல்காரரும் அவர் மனைவியும் மகளும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அது ஒன்றுதான் அந்த அறையில் நடந்த நல்லது.

முதல் மழை பெய்ததும் சுவர் வேர்த்தது.

"அப்பா, சுவத்துல கைய வெச்சா ஒட்டுது."

"புதுச் சுவர்மா. ஈரம் இழுக்கும்."

"ஈரம் ஏன்ப்பா பழுப்பா இருக்கு?"

தையல்காரர் தொட்டுப் பார்த்தார். கெட்டுப்போன பாலின் மேல் படிகிற ஆடை போல ஒரு மெல்லிய தோல் விரலோடு வந்தது. அதற்கடியில் சுவர் வழவழவென்று, மீனின் வயிறு மாதிரி இருந்தது. அவர் மனைவி நான்கு சுவர்களையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். கொத்தனார் ஒரு சுவருக்கு ஒரு தடவை என்று மூட்டை இறக்கியிருந்தார்; ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் தனி நாற்றம்.

"இது ஊறப்போட்ட தோல். இது ரொம்ப நாள் ஆன இருமல் மருந்து, கொஞ்சம் இனிப்பா இருக்கு. இது சாயம். அந்தச் சுவர் என்னன்னு தெரியல. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

அறையிலிருந்து முதலில் கரப்பான்பூச்சிகள் வெளியேறின. அவை வரிசையாக வாசல் வழியே போனதைப் பார்த்து மனைவி, "அதுங்களுக்காவது போக இடம் இருக்கு" என்றாள். பிறகு சோற்றில் நாற்றம் ஏறியது. தலையணையில் ஏறியது. துவைத்துக் காயவைத்த துணி துவைக்காததைவிட மோசமாக வந்தது. குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் சிவப்பாகத் தடித்தது. பால் குடித்த கையோடு கக்கியது. நாய்க்குட்டி போல இருமியது. எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தாலும் ஏதோ ஒரு சுவர் அதன் முகத்துக்கு நேராக இருந்தது.

மகள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தையல்காரர் சமாதானம் சொல்லியிருப்பார்.

"அப்பா, இதுக்கு ஒரு வழி பண்ண முடியலேன்னா நான் பழைய ரூமுக்கே போயிடறேன். கோவத்துல சொல்லல. படிக்கட்டு சத்தம் மட்டும்தான் போடும்."

தையல்காரர் கொத்தனாரைத் தேடிப் போனார். கொத்தனார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து, வேறு யாருடைய கையையோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நான் என்னண்ணே பண்றது? கடையில இப்ப இதான் கிடைக்குது. ஆலைக்கே போய்ச் சொல்லுங்க. வெறுங்கையோட போகாதீங்க, சுவத்துல ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. மாதிரி இல்லாம அவங்க வாயத் திறக்க மாட்டாங்க."

உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தார். கடையில் கிடந்த மஞ்சள் கட்டம் போட்ட வெட்டுத்துணியில் அதைச் சுற்றி, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் தார் குழைந்து பள்ளமாகியிருந்தது. காவலாளி கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"என்னவா வர்றீங்க?"

"புகார் சொல்ல வந்தேங்க."

"அது நோக்கம். நான் கேக்கறது வகை. இந்த வாசல் தாண்டறது எல்லாமே மூலப்பொருள். நீங்க நிரந்தரமா, தற்காலிகமா?"

தையல்காரர் யோசித்தார். "சாயங்காலம் வீட்டுக்குப் போகணுங்க."

"அப்ப தற்காலிகம்." காவலாளி ஓர் அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார். 'தற்காலிக மூலப்பொருள்' என்று அதில் எழுதியிருந்தது. "கழட்டிடாதீங்க. போன தடவை ஒரு ஆடிட்டர் வேர்க்குதுன்னு கழட்டி வெச்சார்."

"அப்புறம்?"

"தேடிக்கிட்டிருக்கோம்."

வரவேற்பு அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மேசைக்குப் பின்னால் புகார் அதிகாரி இருந்தார். இனிமையான மனிதர், தண்ணீர் கொடுத்தார். தையல்காரர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பற்றியும் குழந்தையின் இருமலைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள் வந்தார், பொட்டலத்தை எடுத்தார், சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த நகரும் பட்டையில் போட்டார், போனார். மஞ்சள் கட்டத் துணி சேற்றுக்கும் சாம்பலுக்கும் நடுவே மெல்ல மேலே ஏறிப் போவதைத் தையல்காரர் பார்த்தார். அதற்குப் பின்னால் அவர் செருப்பு போனது.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் அதிகாரி. "மாதிரி கொண்டு வந்திருக்கீங்களா?"

"இப்பதாங்க வெச்சேன்."

"அது வாசல் தாண்டிருச்சே. மூலப்பொருள் ஆயிருச்சு. மாதிரின்னா தனியா இருக்கணும்."

"அப்ப நாளைக்கு வேற கொண்டு வரட்டுங்களா?"

"கண்டிப்பா கொண்டு வாங்க."

"நாளைக்கும் இந்த வாசலத் தாண்டித்தாங்களே வரணும்?"

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "வேற வாசல் இல்லையே" என்றார்.

"நீங்க கொஞ்சம் வாசலுக்கு வெளிய வந்து பார்த்தீங்கன்னா..."

"நான் வேலை நேரத்துல வெளிய போனா கழிவுக் கணக்குல வந்துடுவேன் சார். எனக்குப் பொண்ணு படிச்சிக்கிட்டிருக்கு."

தையல்காரர் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேறொரு துண்டைக் கொண்டு போனார். அதுவும் பட்டையில் ஏறியது. அடுத்த நாள் பெரிய துண்டாக எடுத்தால் தூக்கிப்போடச் சிரமப்படுவார்கள் என்று நினைத்துப் பெரிய துண்டாக எடுத்துப் போனார். இரண்டு பேர் வந்து தூக்கிப்போட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்; மடியிலிருந்து மரியாதையாக எடுத்தார்கள். புகாரை எழுதிக் கொடுத்தார். காகிதம் நல்ல மூலப்பொருள் என்று பாராட்டி எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அதைப் பற்றி என்ன சொல்ல. நல்ல எவர்சில்வர் பாத்திரம்.

இதற்கிடையில் அறையின் சுவரில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருந்தது.

"நாத்தம் காத்து வாங்க ஜன்னல் வெச்சுட்டீங்க" என்றாள் மனைவி. "அடுத்து அதுக்கு ஒரு கதவும் வெச்சுக் குடுங்க, ராத்திரி வந்து படுத்துக்கட்டும்."

"கொண்டு வரச் சொல்றாங்களே. நான் என்ன பண்ண?"

"போறது பூரா சுவரு. வர்றது என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருநாள் ஆலையிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். வாசனை மதிப்பீட்டு அதிகாரி. ஒல்லியான உருவம், பொத்தான் விட்டுப்போன சட்டை. தையல்காரர் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தண்ணீர் தெளித்துப் பெருக்கிய அறைக்குள் அவரை அழைத்துப் போனார்கள். அவர் ஒவ்வொரு சுவரிடமும் போய்க் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி, விட்டார்.

"வாசனை எதுவும் தெரியல" என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குழந்தைக்கு அப்போதுதான் மாற்றிய அணையாடையைச் சுருட்டிக் கொண்டுவந்து, அவர் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு, "இதை எங்க அலசறதுன்னு தெரியல" என்று பொதுவாகச் சொன்னாள்.

அதிகாரி மரியாதையாகத் தலையசைத்தார். "நல்ல சோப்புதான் போடறீங்க போல."

அணையாடை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு மூக்கு..." என்று மகள் இழுத்தாள்.

"போயிடுச்சும்மா. சேறு கொட்டற இடத்துல ரொம்ப காலம் வேலை. இந்த உத்தியோகத்துக்கு மூக்கு இருக்கறவங்களத்தான் முதல்ல போட்டாங்க. ஒருத்தரும் நிக்கல. வாந்தி எடுத்துட்டு ஓடிட்டாங்க. நான்தான் நின்னேன், அதனால பதவி உயர்வு குடுத்தாங்க." அவர் குழந்தையைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க. பாப்பா தலை என்ன வாசம் அடிக்குது? எங்க வீட்ல பேத்தி பிறந்திருக்கு. மோந்து மோந்து பார்க்கறேன்."

மகள் குனிந்து குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"தெரியல சார்" என்றாள். "பால் வாசம் அடிக்கும். இங்க வந்ததுலேர்ந்து சுவரு வாசம்தான் வருது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். போனவர், அவருக்கு என்ன எழுதத் தெரியுமோ அதை எழுதினார்: வாசனை இல்லை. ஆனால் சுவரில் ஓட்டை உள்ளது. ஓட்டை உள்ளதால் இது அறை அல்ல, இடிபாடு. இடிபாடு நல்ல மூலப்பொருள்.

லாரி வந்தது. கூடவே விழாப் பந்தலும் வந்தது. ஒரு வீட்டையே முழுசாக மூலப்பொருளாக்குவது இதுவே முதல் தடவையாம். தையல்காரரின் கொல்லையில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நான்கு மூலைகளிலும் நின்று நான்கு பேர் வாசனைத் திரவியம் தெளித்தார்கள். ரோஜாவும் தோல் சேறும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். நீங்கள் சாப்பிட வேண்டும்.

தையல்காரர், இடிக்க வந்த பொறியாளரின் கையைப் பிடித்தார். "சார், இது என் பொண்ணோட ரூம்."

"இருந்தது. இப்ப ஓட்டை இருக்கே. யார் போட்டது?"

"நீங்க கேட்டீங்கன்னு நான்தான்."

"ஒத்துக்கறீங்க பாருங்க. இந்தத் தெளிவுதான் எங்களுக்கு வேணும்." பொறியாளர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சுழற்சி ஐயா மேடை ஏறினார். மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்:

"அன்பார்ந்த பெருமக்களே. கழிவை உலையில் எரித்த பிறகல்லவா சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எரித்தால் புகை வரும். புகை என்பது மாசு. மாசைத் தடுப்பதற்காகவே நான் எரிப்பதை நிறுத்தினேன். இன்று எங்கள் புகைபோக்கியைப் பாருங்கள். காக்கை கூடு கட்டியிருக்கிறது. அந்தப் புகை எங்கே போயிற்று? உங்கள் சுவர்களில் பத்திரமாக இருக்கிறது."

கைதட்டினார்கள்.

"சாயப்பட்டறைக்காரர்கள் எங்களிடம் கொட்டுவதற்குப் பணம் தருகிறார்கள். நீங்கள் அதை எடுத்துப்போவதற்குப் பணம் தருகிறீர்கள். இரண்டு பக்கமும் இவ்வளவு அன்பு கிடைக்கும் உத்தியோகம் வேறெதுவும் இல்லை. இந்தச் சிமெண்ட்டில் உங்கள் வீட்டைக் கட்டுவீர்களா என்று ஒரு நிருபர் என்னைக் கேட்டார். மக்களுக்குச் சேர வேண்டிய ஒரு மூட்டையைக்கூட நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். என் வீடு பழைய காலத்துக் கல்லும் மரமும். குடிநீர்கூடத் தொலைவில் உள்ள மலையிலிருந்து வருகிறது. இந்த ஊர்த் தண்ணீரை நான் ஒரு வாய் தொட்டதில்லை, அது உங்களுடையது. இந்தத் தியாகத்தைப் பற்றி நான் வெளியே பேசுவதில்லை. எல்லாம் ஒரு சுழற்சி."

அவர் பேசி முடித்ததும் அறையை இடித்தார்கள். சுவர் உடையும்போது தூசி பறக்கவில்லை. பழைய பாலாடைக்கட்டி போல அது அடுக்கடுக்காகப் பிளந்தது; ஒவ்வோர் அடுக்கின் நடுவிலும் ஊதா நிறம் கசிந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கைப்பையைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் ஒரு துறையின் இயக்குநர்; வெளியே எடுத்தால் கழிவாகிவிடும்.

மகள் கடைக்குள்ளே குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெட்டி பக்கத்தில் இருந்தது. பூட்டியிருந்தது.

மேடையிலிருந்து இறங்கிய சுழற்சி ஐயா கடைப்பக்கம் வந்தார். கோட்டு தைப்பவர் இவர்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தலைநகரில் அவருக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். கார் ஓட்டுநர் ஒரு துணிக்கட்டை எடுத்துவந்து வெட்டு மேசையில் வைத்தார். பால் வெள்ளை; வெண்ணெய் மாதிரி மிருதுவான பருத்தி. லைனிங்குக்குத் தனியாக இளநீலப் பட்டு.

"அழுக்குப் படாம பார்த்துக்குங்க" என்றார் சுழற்சி ஐயா. "எனக்கு அழுக்குன்னா ஆகாது."

தையல்காரர் அளவு எடுத்தார். வயிற்றைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது இரண்டு முனையும் சேர்வதற்கு வெகு நேரம் பிடித்தது.

சில நாளில் நஷ்டஈடு வந்தது. பச்சை மூட்டைகள். புது அறை கட்டிக்கொள்ளலாமாம். கொத்தனார் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றைப் பிரித்து, கையுறை மாட்டிய கையை உள்ளே விட்டுத் துழாவினார். அவர் கை நின்றது. கட்டி தட்டியிருந்த பொடியிலிருந்து எதையோ இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. மஞ்சள் கட்டம் போட்ட வெட்டுத்துணி. முடிச்சு அவிழவில்லை. ஒரு நூல்கூடக் கருகவில்லை.

முடிச்சுக்குள் சுவரின் துண்டு இருந்தது. அதே நாற்றம்.

தையல்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதை எங்கே கொண்டு போய்க் காட்டுவது? ஆலைக்குக் கொண்டு போனால் பட்டையில் ஏறும். மறுபடி மூட்டையில் இறங்கும். இன்னொரு வீட்டுச் சுவரில் ஏறும். அந்த வீட்டில் யாராவது உளி எடுப்பார்கள்.

மகள் பெட்டியைத் தூக்கினாள். "நான் கிளம்பறேன்ப்பா. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"எங்க படுக்க வைப்ப பாப்பாவ?" என்றாள் அம்மா.

"மாடிப்படிக்குக் கீழதான்."

தையல்காரர் நிமிர்ந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். எந்திரம். இஸ்திரிப் பெட்டி. ஆள் படுக்கிற நீளத்துக்கு வெட்டு மேசை. அவருடைய அப்பா காலத்துச் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இங்க படுத்துக்கோ" என்றார். "மேசைய சுத்தி ஒரு தடுப்பு வெச்சுத் தர்றேன். நான் தரையில உக்காந்து தைச்சுக்கறேன்."

"கடையிலயா? ஆளுங்க வந்து போற இடத்துலயாப்பா?"

"கோட்டுக்கு ஆளு தினம் வரமாட்டாங்க. வந்தா மெதுவா பேசச் சொல்றேன்."

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஆனால் திறக்கவில்லை. "பாப்பா துணி எல்லாம் அந்த ரூம் நாத்தம்ப்பா. ஒண்ணு விடாம தூக்கிப் போட்டாச்சு. மாத்து அணையாடைகூட இல்ல."

மூவருடைய கண்களும், ஒன்றன்பின் ஒன்றாக, மேசையில் இருந்த பால் வெள்ளைத் துணிக்கட்டின் மேல் போய் நின்றன.

தையல்காரர் கத்தரியை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார். இவ்வளவு நல்ல துணியை அவர் அதுவரை வெட்டியதில்லை.

விருதுக்கு முன்னால் சுழற்சி ஐயா கோட்டு வாங்க வந்தார். வாசனை மதிப்பீட்டு அதிகாரி பின்னாலேயே வந்தார். கடைக்கு முன்னால் கொடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டியது; ஓரம் மடித்துத் தைத்தது. ஒன்றில் மட்டும் கோட்டுப் பாக்கெட்டுக்குப் போட்ட குறி இன்னும் இருந்தது.

"என் கோட்டு எங்க?"

தையல்காரர் கைகட்டி நின்றார். கேலி செய்யத் தெரிந்தவர் அல்ல அவர், கற்றுக்கொண்டதைச் சொன்னார். "துணி எங்க வாசலத் தாண்டிருச்சுங்களே ஐயா. மூலப்பொருள் ஆயிருச்சு."

"என்னய்யா பேசற?"

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. நாளைக்கு வேற துணி கொண்டு வாங்க."

"நாளைக்கும் இதே வாசல்ல தானே..." என்று தொடங்கிய சுழற்சி ஐயா, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையல்காரர் மஞ்சள் கட்டத் துணியை நீட்டினார். "இது நான் உங்க ஆலைக்குக் கொண்டுவந்த பொட்டலம் ஐயா. முடிச்சுகூட அவிழாம உங்க மூட்டையிலேயே வந்திருக்கு."

"பாத்தியா?" என்றார் சுழற்சி ஐயா, முகம் மலர்ந்து. "ஒரு துண்டுத் துணியைக்கூட நாங்க வீணாக்கல. குடுத்தவனுக்கே திருப்பிக் குடுத்திருக்கோம். இதத்தான் நான் சுழற்சின்னு..."

அப்போது மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இரு கைகளாலும் பணிவாக எதையோ ஏந்தியிருந்தாள். "ஐயா, உங்க கோட்டு மேல புகார் இருந்தா மாதிரி வேணுமே. இது ஒண்ணுதான் இன்னும் அலசல. இது உங்க வலது கைன்னு நினைக்கறேன்."

சுழற்சி ஐயா துள்ளி விலகினார். கைக்குட்டையை எடுத்து மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினார். அவருக்கு மூக்கு வேலை செய்கிறது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் கதவைச் சாத்துவதற்குள் கொத்தனாரும் கூட்டாளிகளும் பச்சை மூட்டைகளைக் காரின் பின்பக்கத்தில் அடுக்கிவிட்டிருந்தார்கள். கார் பின்சக்கரம் அமுங்கி, பேறுகாலப் பசுவைப் போல நகர்ந்து போனது.

வாசனை மதிப்பீட்டு அதிகாரி போகவில்லை. அணையாடையை மோந்து பார்த்தார். வழக்கம்போல "வாசனை இல்லை" என்றார். பிறகு கடைக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். வெட்டு மேசையின் மேல், இளநீலப் பட்டுத் தலையணையில், குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் தடிப்பு வற்றியிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது.

"இப்ப எப்படிம்மா?" என்று கேட்டார்.

மகள் குனிந்து குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"பால்" என்றாள். "கொஞ்சம் மெஷின் எண்ணெய். கொஞ்சம் புதுத்துணி. ஆனா பால்தான் சார்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார், யாரோ அவருக்கு ஒரு கவளம் ஊட்டிவிட்டது போல.

வெளியே தெருவில் ஒரு லாரி திரும்பியது. பச்சை மூட்டைகள், இலைப் படங்கள். எதிர்வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாடியில் ஓர் அறை போடுகிறார்கள், அவர்களுக்கு. லாரி வாசலில் நின்றதும் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. தையல்காரர் மஞ்சள் கட்டத் துணியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார். மனைவி அதிகாரியை உள்ளே இழுத்துவிட்டுக் கடைக் கதவை இறுக்கிச் சாத்தினாள்.